தோளில் தலைகீழாகும் பறவை

சில வருடங்களுக்கு முன்பு, பிப்ரவரி 21ஆம் தேதி தோஜி கோயில் சந்தையில் ஒரு ஒற்றைத் தாள் வாங்கினேன். மாதாமாதம் அதே தேதியில் ஜப்பானின் கியோத்தோ நகரத்தின் தெற்குப் பக்கத்தில் கூடும் சந்தை அது. பழைய கிமோனோ, பீங்கான், ஊறுகாய், துருப்பிடித்த கத்தரிக்கோல் என்று எல்லாவற்றையும் தரையிலும் மேசையிலும் பரப்பியிருப்பார்கள். பழைய துணி விற்கும் ஒரு அம்மாள் தன் பெட்டிக்கு அடியில் விரித்திருந்த தாள் இது. துணியில் மரக்கறை படியாமல் இருக்கப் போட்டதாம். 1,500 யென் கேட்டார். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

தாளில் இருப்பது அலை. கறுப்புக் கோட்டில் ஒரு பெரிய அலை, அதன் வயிற்றுக்குள் சின்னச் சின்ன அலைகள், மேல் மூலையில் வெறும் வெள்ளை. வலது ஓரத்தில் நூல் கோத்த துளைகள் இருப்பதால் ஏதோ ஒரு வடிவப் புத்தகத்திலிருந்து கழன்று வந்தது என்று தெரிகிறது. யாரோ ஓர் அலையின் நுனியைப் பென்சிலால் வட்டமிட்டுப் பக்கத்தில் 'இதை மட்டும்' என்று ஜப்பானியத்தில் எழுதியிருக்கிறார். கீழ் ஓரத்தில் ஒரு நீல விரல் தடம். சாயக்காரர் கையில் இருந்த தாள்!

நான் கியோத்தோவில் ஒரு சின்னச் சாயப் பட்டறையில் கிமோனோத் துணிக்கு வடிவம் வரைகிறேன். இது ஏழாவது வருடம். மரச்செதுக்கு அச்சு என்றால் நம்மில் பலருக்கும் ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் பெரிய அலைதான் நினைவுக்கு வரும். அதே ஹொகுசாய் 1824இல் துணிக்கான சிறு வடிவங்களை மட்டும் தொகுத்து ஒரு புத்தகம் போட்டார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த மாதிரிப் புத்தகங்களைப் பற்றித்தான் ரொம்ப நாளாக எழுத நினைத்தேன். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுவதற்காக அச்சிடப்பட்டவை அல்ல அவை. நெசவாளர், சாயக்காரர், அரக்கு வேலைக்காரர் ஆகியோரின் மேசையில் கிடந்து அழுக்காக வேண்டியவை.

தாளை வீட்டுக்குக் கொண்டுவந்ததும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தேன். மரப்பலகையில் அச்சிட்ட தாளுக்குப் பின்பக்கம்தான் சாட்சி. பலகையில் மை தடவி, ஈரத்தாளை அதன்மேல் வைத்து, பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் முதுகில் அழுத்தித் தேய்ப்பார்கள். மூங்கில் மடலால் இறுகக் கட்டிய தேய்ப்பான் அது. அது சுழன்று போன பாதை தாளின் முதுகில் மங்கலாகத் தெரியும். கறுப்புக் கோடுகள் தாளுக்குள் ஊறி, பின்புறம் சாம்பல் நிறத்தில் எட்டிப் பார்க்கும். விரலால் தடவினால் கோடு இருக்கும் இடம் லேசாகத் தட்டுப்படும். என் தாளில் இது மூன்றும் இருக்கின்றன.

அப்புறம் பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு முன்பக்கத்துக்கு வந்தேன். அலையின் ஒவ்வொரு கோடும் முடியும் இடத்தைப் பார்த்தேன். தூரிகையில் வரைந்த கோடு என்றால் முடிவில் மெலிந்து, மயிர்போல் இழுபட்டு, காற்றில் கரைந்துபோகும். இங்கே அப்படி இல்லை. கோடு மெலிகிறது, ஆனால் கடைசியில் ஒரு அரிசி மணியின் முனைபோல் உருண்டு நின்றுவிடுகிறது. இரண்டு கோடுகள் நெருங்கி வரும் இடங்களில் ஒன்றையொன்று தொடுவதும் இல்லை. நடுவில் ஒரு சீரான வெள்ளை. எத்தனை நெருங்கினாலும் அந்த வெள்ளை ஓர் அளவுக்குக் கீழே குறைவதில்லை. அலைக்கு அலை இதே கட்டுப்பாடு.

இது ஏன் என்று எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது. அதற்கு முன்னால் இந்தப் புத்தகங்கள் எப்படி வந்தன என்று சொல்லிவிடுகிறேன்.

துணி வடிவங்களை மரப்பலகையில் அச்சிட்டுப் புத்தகமாகப் போடுவது 1660களிலேயே இங்கே தொடங்கிவிட்டது. ஹினாகாதா என்பார்கள். பக்கத்துக்கு ஒரு கிமோனோவின் வெளிக்கோடு, அதற்குள் வடிவம், ஓரத்தில் நிறத்தைப் பற்றி இரண்டு வரி. துணிக்கடையில் உட்கார்ந்து பக்கம் புரட்டி, எனக்கு இது வேண்டும் என்று சொல்லலாம். அந்தப் பக்கங்களில் எல்லாம் கிமோனோவின் முதுகுதான் தெரியும், முன்பக்கம் தெரியாது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஒகாதா கோரின் (1658–1716) என்ற மாபெரும் ஓவியர் கியோத்தோவில் கரிகானேயா என்ற கிமோனோக் கடைக்காரரின் மகன். துணியோடு பிறந்தவர். அவர் மறைவை ஒட்டிய வருடங்களில் 'கோரின் வடிவம்' என்ற பெயரில் ஹினாகாதாப் புத்தகங்களில் ஒரு வெள்ளமே வந்தது. உமே என்ற ப்ளம் மரத்தின் பூ அதில் ஐந்து இதழைக்கூட முழுதாகக் காட்டாது. ஒரு வட்டம், உள்ளே ஒரு சின்ன வளைவு, அவ்வளவுதான். பார்த்ததும் உமே என்று தெரிந்துவிடும். ஓவியரின் கைக்கும் துணிக்கும் நடுவில் செதுக்குபவரின் கத்தி புகுந்து, பூவை அதன் எலும்புவரை சுருக்கிக் கொடுத்தது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

1869இல் பேரரசர் தோக்கியோவுக்குப் போனபிறகு கியோத்தோ நெசவும் சாயமும் ஆடிப்போயின. பட்டு வாங்கிய அரசவைக் குடும்பங்கள் போய்விட்டன. 1872இல் கியோத்தோவின் நெசவுப் பகுதியான நிஷிஜினின் நெசவாளர்கள் மூன்று பேரைப் பிரான்சின் லியோன் நகருக்கு அனுப்பி, துளையிட்ட அட்டைகளால் வடிவம் நெய்யும் ஜக்கார்டு தறியைக் கற்றுவரச் சொன்னார்கள். ரசாயனச் சாயம் வந்தது. சாயத்தைப் பசையோடு கலந்து ஸ்டென்சில் வழியாகப் பூசும் முறையை ஹிரோசே ஜிசுகே உருவாக்கினார். ஒரே வடிவத்தைப் பல துணிகளில் போடலாம் என்ற நிலை வந்ததும், புது வடிவத்துக்குப் பசி எடுத்தது. அதே சமயம் பழைய புரவலர்களை இழந்த ஓவியர்கள் வேலை தேடிக்கொண்டிருந்தார்கள். 1555இலிருந்து நடந்துவரும் சிஸோ என்ற துணி நிறுவனம் கிஷி சிக்குதோ, கோனோ பைரேய் போன்ற ஓவியர்களைக் கூப்பிட்டு, பசையால் கோடு கட்டிச் சாயமேற்றும் யூஸென் துணிக்கு வரையச் சொன்னது. பெரிய ஓவியர்கள் துணிக்கு வரைவதா என்று அன்று யாராவது முகம் சுளித்திருக்கலாம். ஆனால் அந்தத் துணிகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒருமுறை பார்த்தபோது என்னால் அந்த இடத்தை விட்டு நகர முடியவில்லை.

இந்தச் சூழலில்தான் 1890களிலிருந்து வடிவப் புத்தகங்கள் கியோத்தோவில் குவிந்தன. கியோத்தோ ஓவியர் கமிசாகா செக்காவின் 'சிகுசா', அலைகளுக்கென்றே அவர் 1902இல் போட்ட 'காய்ரோ', பட்டாம்பூச்சிகளுக்கென்றே போட்ட 'சோ சென்ஷு', 1909–10இல் மூன்று தொகுதிகளாக வந்த 'மோமோயோகுசா' எல்லாம் இந்த வரிசை. பெரும்பாலானவற்றை வெளியிட்டது உன்ஸோதோ. 1891இல் தொடங்கிய பதிப்பகம், இன்றும் தெராமாச்சித் தெருவில் இருக்கிறது. பழைய பலகைகளை இன்னும் வைத்திருக்கிறார்கள், அவற்றிலிருந்து இன்னும் கையால் அச்சிடுகிறார்கள். பதிப்பகத்தின் பெயரில் இருப்பது புத்தகத்தில் பூச்சி அண்டாமல் இருக்க வைக்கும் ஒரு மூலிகையின் பெயர். எனக்கு அந்தப் பெயர் ரொம்பப் பிடிக்கும்.

நான் அடிக்கடி திறப்பது இவற்றைவிட எளிமையான ஒரு புத்தகத்தை. மோரி யூஸான் 1903இல் வெளியிட்ட 'ஹமோன்ஷூ', மூன்று தொகுதி. முழுக்க முழுக்க நீர். அலை, சிற்றலை, சுழி, பாறையில் மோதிச் சிதறும் நீர், மணலில் ஏறிப் பின்வாங்கும் நீர், காற்றே இல்லாத குளத்தின் மேல்தோல். எண்ணற்ற வகை. யூஸான் 1917இல் காலமானார், பெரிய புகழ் எதுவும் கிடைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் வாள் செய்பவரும் அரக்குப் பெட்டி செய்பவரும் துணிக்காரரும் எடுத்துப் பயன்படுத்தட்டும் என்று நீருக்கு ஓர் அகராதி எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறார். இணையத்தில் மூன்று தொகுதிகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. இரவில் வேலை முடிந்ததும் ஐந்து பக்கமாவது பார்த்துவிட்டுத்தான் படுப்பேன். மனசு அமைதியாகிவிடும்.

சரி, இப்போது முதுகுக்கு வருகிறேன்.

பட்டறையில் என் மூன்றாவது வருடம். முதன்முறையாக முழுத் துணி ஒன்றுக்கு நானே வடிவம் வரைய அனுமதி கிடைத்தது. சிதோரியை எடுத்துக்கொண்டேன். சிதோரி என்பது நீரோரம் ஓடித் திரியும் சின்ன உப்புக்கொத்திப் பறவை. அலையும் சிதோரியும் சேர்ந்து வருவது இங்கே மிகப் பழைய இணை. காமோ ஆற்றங்கரையில் உள்ள பொந்தோச்சோ சந்தின் சிவப்புச் சின்னமே சிதோரிதான், விளக்குகளில் எல்லாம் அது பறந்துகொண்டிருக்கும். நான் பதினொரு பறவை வரைந்தேன். எல்லாம் வலது பக்கம் மேல்நோக்கி எழும்பும்படி, கீழே யூஸானிடம் கற்ற அலை. வடிவம் திரும்பத் திரும்ப வரும்போது எங்கே சேருகிறது என்று கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கச்சிதமாக இணைத்தேன். காகிதத்தில் அழகாக இருந்தது. மாதிரித் துணி சாயமேறி வந்தபோதும் அழகாகவே இருந்தது.

எங்கள் பட்டறையின் பெரியவருக்கு அப்போது எழுபத்தைந்து தாண்டியிருக்கும். அவர் துணியைக் கையில் வாங்கவில்லை. என்னைக் கண்ணாடிக்கு முன்னால் நிற்கச் சொல்லி, துணியை என் இடது தோளில் போட்டார். முன்னால் பாதி, பின்னால் பாதி. இன்னொரு கண்ணாடியை எடுத்து என் முதுகுக்குப் பின்னால் பிடித்தார்.

"முன்னால் பறக்கிறது. பின்னால் விழுகிறது. நீங்களே பாருங்கள்."

பார்த்தேன். முதுகில் பதினொரு பறவையும் தலைகீழாகத் தரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன. அலைகள் கூரையிலிருந்து தொங்கின.

கிமோனோத் துணி சுமார் 38 சென்டிமீட்டர் அகலம், 12 மீட்டருக்குக் கொஞ்சம் மேலே நீளம். அந்த ஒரே நாடாவிலிருந்து நேர்க்கோட்டில் வெட்டித்தான் முழு உடையும் தைக்கிறார்கள். உடம்புப் பகுதிக்கு வரும் துண்டு முன் கீழ்விளிம்பில் தொடங்கி, தோளைத் தாண்டி, பின் கீழ்விளிம்பு வரை ஒரே துண்டு. தோளில் தையல் கிடையாது. ஆகவே ஒரே திசையில் ஓடும் வடிவம் தோளைத் தாண்டியதும் கவிழ்ந்துவிடும். விசேஷ உடைகளில் துணியை முதலில் தற்காலிகமாகத் தைத்து, அதன்மேல் கோடு போட்டு, பிறகு பிரித்துச் சாயமேற்றுவார்கள். வடிவம் எல்லாப் பக்கமும் மேல்நோக்கியே இருக்கும். ஆனால் கொமோன் என்னும் சிறுவடிவத் துணியில் அந்த வசதி இல்லை. வடிவமே இரு பக்கமும் பார்த்தாக வேண்டும்.

இது எனக்குத் தெரியாத விஷயமா என்றால், தெரியும். படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். வரைபலகைக்கு முன்னால் உட்கார்ந்ததும் துணி ஒரு உடம்பைச் சுற்றிப் போகப்போகிறது என்பது கையிலிருந்து நழுவிவிட்டது. அன்று இரவு வடிவப் புத்தகங்களை மறுபடி திறந்தேன். அத்தனை வருடமும் அவற்றில் என் கண்ணில் படாத ஒன்று தெரிந்தது. செவ்வந்தி ஒன்று மேலே பார்த்தால் பக்கத்துச் செவ்வந்தி கீழே பார்க்கிறது. ஹாகிச் செடியின் கிளை இடமிருந்து வளைந்தால் அடுத்தது வலமிருந்து தலைகீழாக வளைகிறது. மேப்பிள் இலைகளுக்குத் திசையே இல்லை, உதிர்ந்துகொண்டிருக்கும் இலைக்கு ஏது திசை? பாய்ந்தோடும் நீரைப் படுக்கைவாட்டில் விட்டால் எந்தப் பக்கம் கவிழ்த்தாலும் நீர்தான். அழகுக்காகச் செய்தது என்று நான் நினைத்திருந்தது முழுக்கத் தோளுக்காகச் செய்தது. ஹினாகாதாக்காரர்கள் முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன்பே முதுகைக் காட்டியதும் சும்மா இல்லை. கிமோனோவில் தடையில்லாமல் விரியும் பெரிய பரப்பு முதுகுதான். முன்பக்கமோ ஒன்றின்மேல் ஒன்று மடிந்து பாதி மறைந்துவிடும்.

அதன்பிறகு செதுக்கக் கற்றுக்கொள்ள முடிவுசெய்தேன். சனிக்கிழமை வகுப்பு, ஒரு அச்சுக்காரப் பெண்மணியிடம். இரண்டு வருடம் போனேன்.

பலகை, மலைச்செர்ரி மரம். கெட்டியானது, இழை நெருக்கமானது. மெல்லிய காகிதத்தில் வரைந்த படத்தை முகம் கீழாகப் பலகையில் ஒட்டுகிறோம். காய்ந்ததும் விரல் நுனியால் காகிதத்தின் மேல்தோலை உருட்டி உருட்டி எடுத்தால் கோடுகள் தெளிவாகத் தெரியும். அதன்மேல் நேராகக் கத்தி. மூல ஓவியம் அதோடு போய்விடும். இதை முதலில் செய்தபோது எனக்குக் கை நடுங்கியது. இரண்டு நாள் உட்கார்ந்து வரைந்த அலையை நானே சீவி எறிய வேண்டும்.

கோட்டின் இரண்டு பக்கமும் கத்தியைச் சாய்த்து வெட்ட வேண்டும், அப்போதுதான் கோட்டின் அடி அகலமாக, உச்சி மெல்லியதாக, ஒரு வரப்புப்போல நிற்கும். நான் வளைவில் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பி வெட்டினேன். "கையைத் திருப்பாதீர்கள், பலகையைத் திருப்புங்கள்" என்றார் ஆசிரியை. பலகையைத் திருப்பியதும் வளைவு ஒரே இழுப்பில் வந்தது. யூஸானின் அலைகளில் திக்கல் இல்லாமல் ஓடும் அந்த நீண்ட வளைவு எங்கிருந்து வருகிறது என்று அப்போது தெரிந்தது. வரைந்தவரின் தோளிலிருந்து பாதி என்றால், மடியில் பலகையைச் சுழற்றியவரிடமிருந்து மீதிப் பாதி.

பிறகு நுனி. என் அலையின் நுனிகளை மயிர்போல் கூராக வரைந்திருந்தேன். மரத்தின் இழைக்குக் குறுக்கே வந்த நுனிகள் கத்தி பட்டதும் உதிர்ந்தன. தப்பித்தவை பத்தாவது தாள் அச்சிடுவதற்குள் பாரெனின் அழுத்தத்தில் நசுங்கின. கோடுகளுக்கு இடையே நான் ஆசையாக விட்ட மெல்லிய இடைவெளிகளில் மை தங்கி, உலர்ந்து, அடைத்துக்கொண்டது. இரண்டாவது பலகையில் நுனியைக் கொஞ்சம் உருட்டினேன், இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன். நூறு தாள் அச்சிட்டும் கோடு அப்படியே நின்றது. அந்த இரண்டாவது அலையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அது என் பட்டறைத் துணியில் வரும் அலையைப்போலவே இருந்தது. நான் திட்டமிட்டுச் செய்ததில்லை.

யூஸென் சாயத்தில் முதலில் நீலப்பூச் சாற்றால் துணியில் கோடு வரைவோம், தண்ணீர் பட்டால் மறைந்துவிடும் நீலம். அந்தக் கோட்டின்மேல், பெர்சிமன் சாறு ஏற்றிய காகிதக் கூம்பிலிருந்து பசை அரிசிப் பசையை நூல்போல் பிழிந்துகொண்டே போக வேண்டும். பசை இருக்கும் இடத்தில் சாயம் ஏறாது. நீராவியில் வேகவைத்து அலசியபிறகு அந்த இடம் வெள்ளை நூலாக மிஞ்சும். பசைக் கோடு ரொம்ப மெலிந்தால் அறுந்து, சாயம் கரை தாண்டும். இரண்டு பசைக் கோடுகள் மிக நெருங்கினால் நடுவே சாயத்தூரிகை நுழையாது. கூம்பின் முனை ஓயும் இடத்தில் பசை தானாகவே உருண்டு நிற்கும். அரிசி மணியின் முனைபோல!

மரத்துக்குக் கத்தி விதிக்கும் கட்டளையும், துணிக்குப் பசை விதிக்கும் கட்டளையும் ஏறக்குறைய ஒன்று. ஓவியர் கூரிய நுனியோடு எதைக் கொடுத்தாலும், மரப்பலகையைக் கடந்து வரும்போது அது சாயக்காரருக்கு ஏற்றதாக மாறிவிடுகிறது. நிறத்துக்கு ஒரு பலகை என்பதால் நிறங்கள் முன்கூட்டியே பிரிந்துவிடுகின்றன, ஸ்டென்சிலுக்கும் அதுதான் தேவை. தாளை ஒவ்வொரு பலகையிலும் அதே இடத்தில் வைக்க மூலையில் வெட்டும் கெந்தோ என்ற அடையாளத்துக்கும் எங்கள் ஸ்டென்சிலின் ஓரத்தில் குத்தும் புள்ளிக்கும் ஒரே வேலை. பலகையில் ஈரத் தூரிகையால் நிறத்தைத் தேய்த்து மங்க வைப்பதற்கு பொகாஷி என்று பெயர், துணியில் செய்வதற்கும் அதே பெயர்தான். என் சந்தைத் தாளைப் படம் என்று பார்ப்பதை நான் நிறுத்தியது இதன்பிறகுதான். துணியாவதில் பாதி வழியை அது ஏற்கெனவே கடந்துவிட்டது.

வெள்ளையைப் பற்றியும் கொஞ்சம். 'மோமோயோகுசா'வில் பனி மூடிய மூங்கில் ஒன்று இருக்கிறது. பச்சைத் தண்டுகள் நேராக நிற்க, அவற்றின்மேல் பனி கனமாக உட்கார்ந்திருக்கும். பனிக்கு நிறம் வேண்டாம், காகிதமே போதும். ஒன்றும் போடாமல் விட்ட இடத்துக்கு எடை வருகிறது. யூஸெனிலும் பனி என்றால் பசையால் மூடிவிட்ட பட்டுதான். புதிதாக வருபவர்கள் பனியைத் தனியாக வெள்ளை நிறத்தில் தீட்டப் பார்ப்பார்கள், நானும் தீட்டினேன். தீட்டிய வெள்ளை துணிமேல் ஒட்டிக்கொண்டு நிற்கும், விட்ட வெள்ளை துணிக்குள்ளிருந்து வரும்.

பனி என்றதும் இன்னொரு புத்தகம். கோகா என்ற சிற்றரசின் தலைவர் தோய் தோஷித்சுரா, டச்சுக்காரர்கள் கொண்டுவந்த நுண்ணோக்கியில் பனித்துகளைப் பார்த்துப் பார்த்து வரைந்தார். 1832இல் 86 பனிப்படிகங்களை மரப்பலகையில் அச்சிட்டு 'செக்கா சுசெத்சு' என்று வெளியிட்டார். 1840இல் இன்னொரு 97. அறிவியலுக்காகச் செய்த வேலை. ஆனால் இன்று தோக்கியோ எனப்படும் அன்றைய எதோ நகரத்துத் துணிக்காரர்கள் அதைச் சும்மா விடவில்லை. ஆறு கை விரித்த பனிப்பூ கிமோனோவிலும் தேநீர்க் கிண்ணத்திலும் ஏறியது. தோயின் பதவிப் பெயரைக்கொண்டே அந்த வடிவத்துக்கு ஓய் வடிவம் என்று பெயர் வைத்தார்கள். கோடைகால மெல்லிய துணியிலும் பனி வடிவத்தை உடுத்துவது இங்கே வழக்கம், பார்ப்பவருக்குக் குளிரட்டும் என்று. ஜூலைப் புழுக்கத்தில் ரயிலில் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடையில் பனிவட்டம் தெரிந்தால் எனக்கு உண்மையிலேயே கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இடையில் ஒன்று, நம் வாசகர்களுக்காக. 1778இல் 'சரசா பென்ரான்' என்று ஒரு மரச்செதுக்கு அச்சுப் புத்தகம் வந்தது. கப்பலில் வந்த இந்தியப் பூத்துணிகளின் வடிவங்களை இங்குள்ள கைவினைஞர்களுக்குக் காட்டிய புத்தகம். கோடு போட்ட பருத்தித் துணி ஒன்றுக்கு இன்றுவரை சந்தோமே என்று பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து, சாந்தோமிலிருந்து வந்த துணி. தோஜி சந்தையில் ஒரு கிழவர் அந்தப் பெயரைச் சொல்லித் துண்டுத் துணியை விரித்தபோது எனக்குக் கண் கலங்கியது.

ஒரே ஒரு ஆதங்கம் உண்டு. இந்தப் புத்தகங்கள் இணையத்தில் கிடைப்பது பெரிய வரம். ஆனால் போன வருடம் வந்த ஒரு வாடிக்கையாளர், பழைய அலை ஒன்றின் கோப்பை அனுப்பி, இதை ஐந்து மடங்கு பெரிதாக்கித் திரைச்சீலைக்குப் போட்டுத் தாருங்கள், அவ்வளவுதான் வேலை என்றார். போட்டுப் பார்த்தேன். கோடுகள் குச்சிகளாகிவிட்டன. உருண்ட நுனிகள் தீக்குச்சித் தலைபோல் நின்றன. உள்ளங்கை அளவில் நெருக்கமாக இருந்த நீர், சுவர் அளவில் வற்றிப்போனது. அளவு மாறினால் அலையை மறுபடி வரைய வேண்டும், வயிற்றுக்குள் புதிய சிற்றலைகளைச் சேர்க்க வேண்டும், நுனியை அந்த அளவுக்குத் தகுந்தபடி மறுபடி முடிக்க வேண்டும். மூன்று வாரம் கேட்டேன். அவர் வேறு இடத்துக்குப் போய்விட்டார். அதில் வருத்தமில்லை, அந்த அலைக்காகத்தான் வருத்தம். அதோடு, மை இல்லாமல் வெறும் பலகையை அழுத்தி எழுப்பும் புடைப்பு அச்சும் திரையில் காணாமல் போகிறது. வெறும் வெள்ளை என்று நினைத்துத் தாண்டிப்போன பக்கங்களை, காகிதத்தைச் சாய்த்துப் பிடித்தபோது இறகும் இதழுமாகப் பார்த்திருக்கிறேன். முடிந்தவர்கள் ஒருமுறையாவது தாளை நேரில் பாருங்கள். கியோத்தோவுக்கு வந்தால் ஒகாஸாகியில் உள்ள ஹோஸோமி அருங்காட்சியகத்தில் செக்காவின் வேலைகளைக் காட்சிக்கு வைக்கும்போது போய்ப் பாருங்கள்.

இந்த மே மாதம் சிதோரியை மறுபடி எடுத்தேன். இந்த முறை பதினைந்து பறவை. ஏழு மேல்நோக்கி, ஏழு கீழ்நோக்கி, ஒன்று படுக்கைவாட்டில். அலையின் கோடுகளைச் சந்தைத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வரைந்தேன், நுனிகளை உருட்டி, நெருக்கத்தை அளந்து. பெரியவருக்கு இப்போது எண்பது நெருங்குகிறது, கண் கொஞ்சம் மங்கிவிட்டது. மாதிரித் துணியை அவரே என் தோளில் போட்டார். முன்னால் பார்த்தார், முதுகுப் பக்கம் வந்து நின்று ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு நீலப்பூச் சாற்றுத் தூரிகையை எடுத்து, படுக்கைவாட்டில் இருந்த பறவையைச் சுற்றி ஒரு வட்டம் போட்டார். அதன் அலகு பக்கத்து அலையின் நுனியைக் கிட்டத்தட்டத் தொட்டுக்கொண்டிருந்தது.

"இதை மட்டும்" என்றார்.